நடு முற்றமும் ஜெப்ரி பாவாவும்

வீட்டுச் சஞ்சிகைகளிலும் யூடியூப்பிலும் இப்போது "வீட்டுக்குள் இயற்கை" என்ற பேச்சுத்தான் பெரிதாக இருக்கிறது. எங்கள் பக்கம் புதிதாக எழும் வீடுகளிலும் அது வந்து சேர்ந்துவிட்டது. மண்டபத்து மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குள் வெள்ளைக் கூழாங்கல், நாலு மூங்கில். சில வீடுகளில் அந்த மூங்கிலும் பிளாஸ்டிக். அந்த மூலைக்குக் காற்றும் வராது, மழையும் வராது. வீட்டுக்காரர் அதன் கீழே குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு இருப்பார்.

என் வயதுக்காரருக்கு இதைப் பார்க்கச் சிரிப்பு வரும். நாங்கள் பிறந்த வீடுகளில் வானமே வீட்டுக்கு நடுவில் இருந்தது. நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் கட்டட வேலையோடு போனதால், அந்த முற்றம் எங்கள் ஊரில் எப்படிப் போனது, கொழும்பில் எப்படித் திரும்பி வந்தது என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறியாத இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாலு பக்கமும் அறைகளும் விறாந்தையும், நடுவில் கூரையில்லாத முற்றம். கூரை நாலும் உள்ளே சரிந்து முற்றத்தை நோக்கித் தண்ணீரை இறக்கும். சுவர் சுண்ணாம்புக் கல்லு, கூரைக்குப் பனை வளை, மேலே பீலி ஓடு. முற்றத்தின் தரை விறாந்தையிலும் பார்க்கப் பதிவாக இருக்கும். மார்கழி மழை எவ்வளவு பெய்தாலும் ஒரு கான் வழியாகத் தண்ணீர் வளவுக்குப் போகும், அங்கிருந்து நிலத்துக்குள் இறங்கும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணறு ஊற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

அந்த முற்றம் அழகுக்காக வைத்தது அல்ல. வெயில் நேரத்தில் சூடேறிய காற்று அதன் வழியாக மேலே போக, நிழல் விழுந்த விறாந்தைகளிலிருந்து காற்று அறைகளுக்குள் இழுபடும். இரவில் குளிர்ந்த காற்று அதற்குள் இறங்கித் தங்கும். நெல்லும் ஒடியலும் காய்ந்தது அங்கேதான். பிள்ளைகளுக்கு விளையாட்டு இடமும் அதுதான், கலியாண வீடென்றால் பந்தல் போடும் இடமும் அதுதான். வெளியில் இறங்காமலே வெயிலையும் நிலவையும் காணப் பெண்களுக்கு இருந்த இடமும் அதுவே. அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகளுக்கும் அந்த முற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை.

அது ஏன் போனது? போருக்கு முன்னரே போகத் தொடங்கிவிட்டது. முதல் காரணம் சீதனம். வீடு பெண்பிள்ளைகளுக்குப் பிரியும்போது கிழக்குச் சார் ஒருத்திக்கு, மேற்குச் சார் இன்னொருத்திக்கு என்று எழுதி, முற்றத்துக்கு நடுவால் மதில் வந்த வீடுகள் உண்டு. இரண்டாவது, சீமெந்தும் கொங்கிறீற்றும். தட்டைக் கூரை போட்டவர் முன்னேறியவர், பீலி ஓட்டை வருடா வருடம் பிரட்டிக்கொண்டிருப்பவர் பழைய ஆள் என்று ஒரு நினைப்பு ஊரில் பரவியது. மூன்றாவதாகப் போர் வந்தது. மிஞ்சியவற்றில் பல செல் விழுந்தும், ஆளில்லாமல் கறையான் தின்றும் போயின.

எங்கள் ஊரில் இப்படிக் கைவிடப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், கொழும்பில் சிலர் முற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிங்கள நாட்டுப்புறத்திலும் இது புதிதல்ல. கண்டிப் பிரதானிகளின் வளவுகளில் இருந்த நடு முற்றத்துக்கு அவர்கள் மொழியில் "மெத மிதுல" என்று பெயர். சொல்லுக்குச் சொல் நடு முற்றமேதான். வெள்ளைக்காரன் கொண்டுவந்த பங்களா இதற்கு நேர் எதிரானது. பெரிய தோட்டத்தின் நடுவில் வீடு, சுற்றிவர விறாந்தை. நாலு ஏக்கரில் அது நன்றாகத்தான் இருந்தது. கொழும்பில் காணிகள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்தப் பங்களாவைச் சிறிதாக்கிச் சிறிய காணியின் நடுவில் வைத்தார்கள். சுற்றிவர ஆறடி, எட்டடி இடைவெளி. எந்த யன்னலைத் திறந்தாலும் பக்கத்து வீட்டு யன்னல். வெயிலுக்கும் ஒளிப்பில்லை, பார்வைக்கும் மறைப்பில்லை.

இதற்கு மாற்றுத் தேடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அந்தத் தகுதியைப் பெற்ற முதலாமவர் அவர். கண்டியில் 1949 முதல் 1951 வரை அவர் கட்டிய கருணாரத்ன வீட்டில் தும்பறைப் பாய் நெசவையும் உள்ளூர்க் கைவினையையும் நவீன கொங்கிறீற் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார். பின்னர் கொழும்பில் 1950களில் ஒரு குடும்பத்துக்காக அவர் கட்டிய வீட்டில் குடியிருப்பைத் தூண்களின் மேல் உயர்த்தி, கீழ்த்தளத்தைத் தோட்டத்துக்கும் முற்றத்துக்கும் திறந்து விட்டார். பாவாவின் பெயர் உலகம் முழுவதும் போனது, இவருடைய பெயர் போகவில்லை. 1998இல் அவர் கண்டியில் காலமானார். அவரைப் பற்றிய புத்தகங்களும் கண்காட்சிகளும் அதன் பிறகுதான் அதிகம் வந்தன.

இனி ஜெப்ரி பாவா. 1919இல் பிறந்த அவர் முதலில் சட்டத்தரணி. கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் பாரிஸ்டரானவர். வழக்குப் பேசுவதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க என்ற பழைய றப்பர்த் தோட்டத்தை வாங்கி அதைச் சோலையாக்க முயன்றபோதுதான் தனக்குக் கட்டடத் தொழில் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. திரும்பவும் லண்டனுக்குப் போய்ப் படித்து, 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. பிள்ளைகள் ஒரு பாடத்தை விட்டு இன்னொரு பாடத்துக்கு மாறினால் தலையில் கைவைக்கும் பெற்றோருக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.

அவருடைய வேலைகளில் என் கணக்கில் மிக முக்கியமானது நாடாளுமன்றமும் அல்ல, ஹோட்டல்களும் அல்ல. கொழும்பு அல்பிரட் பிளேசில் ஒரு மூலைக் காணியில் 1960க்கும் 1962க்கும் இடையில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடுதான். ஈனா மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் ஒரு பிரதானி குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வா பொலிஸ் மா அதிபராக இருந்தவர். ஈனாவுக்குத் தன் பிறந்த வீட்டு முற்றமும் விறாந்தையும் சாமியறையும் வேண்டும், அதே நேரத்தில் புதுமாதிரியான திறந்த வீடும் வேண்டும். பெரிய காணியோ கிடையாது.

பாவா செய்தது, பங்களாவை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் போட்டதுதான். வீட்டைக் காணியின் நடுவில் வைக்காமல் எல்லை மதிலோடு சேர்த்துக் கட்டினார். தெருவுக்கு வெறும் மதிலும் ஓட்டுக் கூரையும்தான் தெரியும். சுற்றிவர வீணாகப் போயிருக்கக்கூடிய ஆறடி, எட்டடி இடைவெளிகளை எல்லாம் சேர்த்து நடுவில் ஒரே பெரிய முற்றமாக்கினார். அறைகள் எல்லாம் அந்த முற்றத்தையும் சிறிய பக்க முற்றங்களையும் பார்த்தன. காணி அதே அளவுதான், ஆனால் வெளியில் கிடந்த தோட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மரத்தோடும் மழையோடும் வாழும் அந்த வீட்டில் தெருவிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அது நாட்டில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு இறக்குமதிகள் இறுக்கப்பட்ட காலம். உருக்கும் கண்ணாடியும் கிடைப்பது அரிது. கிடைத்தவை ஓடு, கல்லு, சுண்ணாம்பு, நாட்டு மரம். முதிரை மரத் தூண்கள் கருங்கல் அடியின் மேல் நின்றன. கையில் இருந்ததை வைத்துக் கட்டியதால்தான் அந்த வீடு மண்ணோடு பொருந்தியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியாது, ஏனென்றால் முற்றம் வைத்த வீட்டின் உயிர் கூரையில்தான் இருக்கிறது. பீலி ஓடு குளிர்ச்சி தரும், ஆனால் பூனை ஓடினாலும் குரங்கு பாய்ந்தாலும் ஒதுங்கி ஒழுகும். பாவாவும் அவருடன் வேலை செய்த டென்மார்க்குக்காரரான உல்ரிக் பிளெஸ்னரும் நெளிவுச் சீமெந்துச் சீற்றைக் கீழே போட்டு, அந்த நெளிவுகளில் பீலி ஓட்டை அடுக்கும் முறையைக் கையாண்டார்கள். மழையைச் சீற் தடுக்கும், வெயிலை ஓடு தாங்கும். இரண்டுக்கும் இடையில் சிறிது காற்றும் நிற்கும். வருடா வருடம் ஓடு பிரட்டும் வேலை மிச்சம். அன்று அந்தச் சீற் அஸ்பெஸ்டஸ் கலந்தது. அதன் கேடு இன்று தெரியும் என்பதால் இப்போது வேறு சீற்தான் போட வேண்டும். யோசனை மட்டும் பழுதில்லை.

1967இல் பிளெஸ்னர் நாட்டை விட்டுப் போனபின் பாவாவின் பங்காளியாக வந்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம், ஒரு தமிழர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் கந்தோரின் பெரிய வேலைகளில் கணக்கும் கட்டுமானமும் அவர் பொறுப்பில் இருந்தன. தியவன்னா ஓயாச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவில் 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றம் அந்தக் காலத்து வேலை. கட்டடத்தின் படத்தைப் பார்ப்பவர்கள் கீறியவரின் பெயரைத்தான் நினைப்பார்கள். மரத்தைச் சுற்றி வளைவதற்கும், பாறையின் மேல் நிற்பதற்கும், மழையைத் தன் வழியில் விடுவதற்கும் கணக்குப் பார்த்த ஒருவர் எப்போதும் பின்னால் இருப்பார். எங்கள் ஆட்களில் ஒருவர் அந்த இடத்தில் இருந்தார் என்பதை நாங்களாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாவா தன் சொந்த வீட்டிலும் இதையே செய்தார். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1950களின் இறுதியில் வாடகைக்குக் குடிபுகுந்து, ஒவ்வொன்றாக வாங்கி, 1968அளவில் நாலையும் ஒன்றாக்கினார். அங்கே பெரிய முற்றம் கிடையாது. அறைக்கு அறை சின்னச் சின்ன வெளிகள்தான் உண்டு, சில ஒரு கட்டில் போடும் அளவுகூட இல்லை. அதற்குள் ஒரு மரமோ ஒரு தண்ணீர்த் தொட்டியோ, மேலிருந்து விழும் வெளிச்சமோ இருக்கும். முற்றத்துக்குப் பரப்புக் கணக்கில் காணி வேண்டும் என்று சொல்பவர்கள் அந்த வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஹோட்டல்கள் அதற்குப் பிறகு வந்தன. 1960களின் கடைசியில் பெந்தோட்டையில் கட்டிய ஹோட்டலும் ஒரு குளமுற்றத்தைச் சுற்றித்தான் நின்றது. அதன் வரவேற்பு மண்டபத்தின் உட்கூரைக்குப் பத்திக் துணி செய்தவர் அதே ஈனா டி சில்வா. தமிழ்நாட்டிலும் அவர் வேலை செய்திருக்கிறார். 1970களில் கட்டிய மதுரை கிளப் அவற்றில் ஒன்று. கடைசிக் காலத்துப் பெரிய வேலை 1994இல் முடிந்த கண்டலம ஹோட்டல். தம்புள்ளைக்குப் பக்கத்தில் மலைச் சரிவில், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு 152 அறைகள். பாறை நடைபாதைக்குள் வந்து நிற்கும். மேலேயிருந்து வரும் மழைத்தண்ணீர் கட்டடத்தின் கீழால் ஓடும். முன்பக்கம் முழுவதும் கொடி மூடியிருக்கும். கட்டத் தொடங்கியபோது, குளம் கெட்டுவிடும் என்று ஊர் மக்களும் பிக்குகளும் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதும் வரலாறுதான். இயற்கையோடு இசைந்த கட்டடம் என்று இன்று புகழப்படுவது அன்று இயற்கையைக் காக்க வேண்டும் என்றவர்களின் கோபத்தைச் சந்தித்துத்தான் எழுந்தது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. ஈனா பின்னாளில் அலுவிகாரைக்கே திரும்பிப் போய்விட்டார். அல்பிரட் பிளேஸ் காணி அயலிலிருந்த மருத்துவமனையின் கைக்குப் போகும் நிலை 2009இல் வந்தது. வீட்டை இடிக்க விடாமல், கல்லுக்கும் ஓட்டுக்கும் தூணுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, தெற்கே லுனுகங்கவுக்குக் கொண்டுபோய் மீண்டும் எழுப்பினார்கள். 2015இல் ஈனா காலமானார். 2016இல் வீடு அங்கே திறக்கப்பட்டது. இன்று காசு கொடுத்து அதில் தங்கலாம். காப்பாற்றியவர்களைக் குறை சொல்ல முடியாது, அது பெரிய காரியம். ஆனாலும் நெருக்கடியான நகரத்துச் சிறு காணியில் எப்படி வாழலாம் என்று காட்டுவதற்காகக் கட்டிய வீடு, இப்போது பெரிய சோலை ஒன்றின் நடுவில் விருந்தாளிகளுக்காக நிற்கிறது. நகரத்தில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

முற்றத்துக்கே நேர்ந்ததும் அதுதான். எங்கள் பாட்டன்மார் சாதாரண வீட்டில் வைத்திருந்ததை நாங்கள் பழசென்று மூடினோம். கட்டடக் கலைஞர் அதை எடுத்து மெருகேற்றினார். ஹோட்டல்காரர் அதை விலைக்கு விற்றார். இப்போது முற்றம் என்றால் பணக்காரர் வைப்பது என்று எங்கள் பிள்ளைகளே நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் வீடில்லாமல் நின்ற குடும்பங்களுக்கு இந்திய உதவியில் கிடைத்தவை ஏறத்தாழ 550 சதுர அடி கல்வீடுகள். அவை பெரும் உதவிதான், அவற்றைக் கட்டியதில் மக்களின் கையும் இருந்தது. அதன் பிறகு 2016அளவில் 65,000 உருக்கு வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தித் தரும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. வன்னி வெயிலில் உருக்குப் பெட்டிக்குள் மனிதர் எப்படி இருப்பது, விறகடுப்புக் குசினி எங்கே, பழுதானால் ஊர் மேசன் எதைத் திருத்துவது என்று எங்கள் பொறியியலாளர்களும் பொது அமைப்புகளும் கேட்டார்கள். அதே காசில் கல்வீடு கூடுதலாகக் கட்டலாம் என்றும் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்து, நினைத்த அளவில் அந்தத் திட்டம் நடக்கவில்லை. ஈனாவின் வீட்டைப் பற்றிப் பேசும்போது நான் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: காற்றும் நிழலும் வீட்டின் உறுப்பா, காசு மிஞ்சினால் சேர்ப்பதா?

உறுப்பு என்பதே என் எண்ணம். ஒன்றரைப் பரப்புக் காணியில் வீடு கட்டும் பிள்ளைகளுக்கு, தொழில் செய்த அனுபவத்தில் சிலதைச் சொல்கிறேன்.

எட்டடிக்கு ஆறடி வெளி போதும். அதை வீட்டின் நடுவில், இரண்டு அறைகளாவது பார்க்கும்படி விடுங்கள். அதற்கு எதிர்ப்பக்கச் சுவரில் யன்னல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஓடாது. சுற்றித் தாழ்வாரம் மூன்றடியாவது இறங்கட்டும், சாரல் அறைக்குள் வராது. முற்றத்துத் தரை வீட்டுத் தரையிலும் ஆறு அங்குலம் பதிவாக இருக்கட்டும். கான் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் தேங்கினால் நுளம்பும் டெங்குவும் வரும். கூரைகள் உள்ளே சரிந்தால் மூலைப் பள்ளங்களில் போடும் பீலித் தகட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முற்றம் வைத்த வீடுகள் ஒழுகியதென்று நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் குறை அங்கேதான். கள்வர் பயம் என்றால் மேலே கம்பி வலை அடியுங்கள், மழைக்கும் காற்றுக்கும் அது தடையில்லை. தரை முழுவதும் மாபிள் பதிக்காமல் நடுவில் கொஞ்ச மண்ணை விடுங்கள். தண்ணீர் கிணற்றுக்குப் போகட்டும்.

அந்த மண்ணில் என்ன வைப்பதென்று கேட்டால், ஒரு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள். அதற்கு வெயிலும் கிடைக்கும், குசினிக்கும் கிட்டவாக இருக்கும்.